0909 என்றால் மல்லி

பதினாறு வருஷம் மல்லியை நான் 0909 என்றுதான் அறிந்திருந்தேன். மிளகாய் வற்றல் 0904. மஞ்சளும் இஞ்சியும் 0910. கப்பலேறும் எந்தச் சரக்குக்கும் சுங்கத்தில் ஓர் எண் உண்டு. அந்த எண் பட்டியலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் காப்பி, தேயிலையோடு நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி பெரும்பாலும் அடங்கிவிடும். 2012இல் பட்டியலைத் திருத்தியபோது மல்லியையும் இரண்டாகப் பிரித்தார்கள். முழுதாக இருந்தால் கடைசியில் 21, நுணுக்கியிருந்தால் 22. தூத்துக்குடியிலிருந்தும் முந்த்ராவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் மல்லிக்கு அந்த எண்ணைப் போட்டு, டிரேட்நெட்டில் பெர்மிட் எடுத்துவிட்டு, அடுத்த கோப்புக்குப் போய்விடுவேன். அதற்கு மணம் என்று ஒன்று உண்டு என்பதே அலுவலக நேரத்தில் ஞாபகம் வந்ததில்லை.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில், ஆன்சன் ரோட்டுப் பக்கம், சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் 1998இல் சேர்ந்தேன். பில் ஆஃப் லேடிங் தயாரிப்பது, பெர்மிட் எடுப்பது, கொள்கலன் எண்களைச் சரிபார்ப்பது என் வேலை. கொள்கலன் எண் என்பது நாலு எழுத்து, ஏழு இலக்கம். ஏழாவது இலக்கத்துக்கென்று சொந்த அர்த்தம் கிடையாது. முன்னால் இருப்பவற்றில் தப்பு நேர்ந்தால் காட்டிக்கொடுப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். பதினாறு வருஷம் என்னவாக இருந்தாய் என்று யாராவது கேட்டால், அந்த ஏழாவது இலக்கமாக இருந்தேன் என்பேன்.

ஜன்னலுக்குக் கீழே துறைமுகம் தெரிந்தது. என் அப்பா அங்கே மூட்டை இறக்கியவர். 1972 ஜூனில் முதல் கொள்கலன் கப்பல் தஞ்சோங் பகாருக்கு வந்தபோது அவரும் அங்கே வேலையில் இருந்தார். தோளில் சுமந்து இறக்கிய கூட்டத்தின் கடைசித் தலைமுறை. அவர் வீட்டுக்குள் நுழையும்போதே அன்றைக்குக் கப்பலில் என்ன வந்தது என்று அம்மா சொல்லிவிடுவார். ரப்பர் என்றால் ஒரு நாற்றம், கொப்பரை என்றால் ஒன்று, மிளகு என்றால் தும்மல். அதே கரையில் வரும் சரக்கை முப்பது மீட்டர் உயரத்தில், குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கையாண்ட என் சட்டையில் எதுவும் ஒட்டவில்லை.

வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கியவர்கள் எழுதும் கதைகளில் கொடுமைக்கார மேலாளர் ஒருவர் கட்டாயம் வருவார். என் கதையில் அப்படி யாரும் இல்லை. சம்பளம் தேதி தவறாமல் வந்தது. வருஷக் கடைசியில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உண்டு. மருத்துவ விடுப்புக்கு யாரும் முகம் சுளித்ததில்லை. காலையில் கோப்பி வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறுவேன், மாலையில் இறங்குவேன். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று மனைவி கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. முதலில் அவள் கேட்பதை நிறுத்தினாள். பிறகு நானும் எனக்குள் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

2012இல் ஒரு நாள், மல்லி வந்த கொள்கலன் ஒன்றில் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது. கெப்பல் டிஸ்டிரிபார்க் கிடங்கில் திறந்து பார்க்கக் காப்பீட்டு ஆய்வாளர் வந்திருந்தார். கணக்கெடுக்க வேண்டிய ஆள் விடுப்பில் இருந்ததால் என்னை அனுப்பினார்கள். கதவைத் திறந்ததும் இரண்டு வாசனைகள் ஒன்றாக வந்தன. முன்வரிசை மூட்டைகளில் பூசணம் பிடித்த வாடை. அதைத் தாண்டி உள்ளேயிருந்து, ஆரஞ்சுத் தோலைக் கீறியதுபோல, நல்ல மல்லியின் மணம். ஆய்வாளர் மூட்டைகளை எண்ணினார், நான் எழுதிக்கொண்டேன். நனையாத மூட்டை ஒன்று கிழிந்து தரையில் கொட்டியிருந்ததில் ஒரு பிடி அள்ளிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியாது. அன்று மாலை கதவைத் திறந்த மனைவி, “என்ன, தேக்கா பக்கம் போயிட்டு வர்றீங்களா?” என்றாள்.

அந்தக் கேள்வி என்னைப் படுத்திய பாட்டை அவளிடம் சொல்ல இரண்டு வாரமானது. மசாலாத் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன்.

மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் சாப்பிடாத தஞ்சோங் பகார் அலுவலக ஊழியர் இருக்க முடியாது. ஆனால் அதன் முகவரியை வாசித்தவர்கள் குறைவு: 1, கடையநல்லூர் ஸ்திரீட். சிக்கன் ரைஸுக்கு வரிசையில் நிற்கும் சுற்றுப்பயணிகளுக்கு அது வாயில் நுழையாத ஒரு பெயர். நமக்கோ தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் நெசவாளர் ஊர். சிங்கப்பூருக்கு வந்த தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஊரில் குடும்பத்தை வைத்துவிட்டுத் தனியாக வந்த ஆண்கள். கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் பெண்டு பிள்ளைகளோடு வந்து தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். 1941இல் தங்களுக்கென்று கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம் வைத்தார்கள். 1946இல் அந்தச் சங்கம் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாகி, 1982 வரை நடந்தது. பள்ளியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த வீடுகளின் அஞ்சடியில் அம்மி போட்டு மசாலா அரைத்து விற்ற பெண்களைப் பற்றித்தான் அவ்வளவாக எழுதவில்லை.

அவர்களில் ஒருவரின் மகளை எனக்குத் தெரியும். 1950இல் ‘ராஜுலா’ கப்பலில் பன்னிரண்டு வயதில் தாயோடு வந்திறங்கியவர். நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது எழுபத்து நான்கு வயது. ஓர் ஈரச்சந்தையில் நாலடி அகலக் கடை. சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாருக்கும் அவர் மசாலாப் பாட்டி. முன்னால் எட்டு வட்டில்கள் இருக்கும். சிவப்பாக மிளகாய், மண் நிறத்தில் மல்லி, மஞ்சள், சீரகமும் சோம்பும், வெங்காயம், இஞ்சி பூண்டு, லெங்குவாஸும் செராயும், கடைசியில் புவா கெராஸ் விழுது. தராசு கிடையாது. பெரிய கரண்டி ஒன்று, சின்னக் கரண்டி ஒன்று, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவுகிறேன், சம்பளம் வேண்டாம் என்றேன். பாட்டி என் சட்டையையும் காலணியையும் பார்த்தார். “ஆபீசுல வேல பாக்குத ஆளுக்கு இது என்னத்துக்குய்யா?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. “செரி, மொதல்ல காம்பு கிள்ளு” என்று ஒரு மூட்டை வற்றலைத் தள்ளிவிட்டார். மூன்று மாதம் காம்புதான் கிள்ளினேன். முதல் நாள் இரவு கண்ணைக் கசக்கிவிட்டுத் தண்ணீர்க் குழாயடியில் அரைமணி நேரம் நின்றேன்.

இந்தத் தொழிலில் கேள்வி நான்குதான். என்ன மீன் அல்லது என்ன கறி? எத்தனை பேர்? தேங்காய்ப்பாலா, புளியா? வீட்டில் காரம் தாங்காத பிள்ளைகள் உண்டா? பதில் வரவர பாட்டியின் கரண்டி வட்டிலுக்கு வட்டில் போய்வரும். அகலமான பிளாஸ்டிக் பையில் நிறம் நிறமாக விழுதுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். மேலே கறிவேப்பிலை ஒரு கொத்து, கறி என்றால் பட்டை, கிராம்பு, ஏலம், நட்சத்திரச் சோம்பு ஒரு சிட்டிகை, அது இனாம். இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி. வீட்டுக்குப் போய் எண்ணெயில் போட்டு வதக்கினால் போதும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். தெங்கிரி சதைப்பிடிப்பான மீன், மல்லியைத் தாங்கும். வாவல் மென்மையானது, அதற்கு மல்லியைக் கூட்டினால் மீன் காணாமல் போய்விடும். திருக்கையை அஸாம் பெடாஸ் வைக்கப்போகிறேன் என்று மலாய் மாச்சிக் கேட்டால் மல்லியே வேண்டாம். மிளகாய், லெங்குவாஸ், செராய், கொஞ்சம் பெலாச்சான். இக்கான் மேரா தலைக்கறிக்கு வேறு கணக்கு. 1949இல் கோமஸ் என்ற மலையாளி இங்கே கடைபோட்டுப் பிரபலமாக்கிய பண்டம் அது. இன்று கேட்பவர்களில் பாதிப் பேர் சீனர்கள். அவர்களுக்குப் புளிப்பும் வேண்டும், தேங்காய்ப்பாலின் இனிப்பும் வேண்டும், சீரகம் தூக்கலாக இருந்தால் ‘மருந்து வாடை’ என்பார்கள். ரெண்டாங்குக்கு வெங்காயம் அதிகம், தண்ணீர் குறைவு. நம் ஆட்டுக்கறிக்குச் சோம்பு வேண்டும், மீனுக்குச் சோம்பு தொடக்கூடாது. ஆனால் இந்தக் கடைசி விதியை நாகப்பட்டினத்துக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார். விதி வீட்டுக்கு வீடு மாறுகிறது. ஆகையால் நாலு கேள்விக்குக் கீழே ஐந்தாவதாக வாய்விட்டுக் கேட்காத ஒன்று இருக்கிறது: இவர் அம்மா எந்த ஊர்க் குழம்பு வைத்திருப்பார்?

அரைப்பதிலும் அறிய வேண்டியது உண்டு. வற்றலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி அலசித்தான் அரைக்க வேண்டும். தண்ணீரை மிச்சப்படுத்தினால் விழுது கசக்கும். அரைக்கும்போது தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நாள் தாங்கும். கல் சூடேறினால் மணம் ஓடிவிடும், ஆகையால் நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும். காய்ந்த பொடிக்குக் கஃப் ரோட்டு மில்லுக்குப் போவோம். அங்கேயிருந்து வந்த பொடியைச் சூடாக இருக்கும்போதே மூடிக் கட்டினேன் ஒருநாள். பாட்டி பையைப் பிரித்துத் தாளில் பரப்பினார். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்க்கும், வேர்த்தால் பூசணம். கெப்பல் கிடங்கில் மழைத் தண்ணீர் செய்ததை இங்கே வேர்வை செய்திருக்கும். சிறிய பைக்கும் நாற்பதடிப் பெட்டிக்கும் ஒரே கதை.

இரண்டு வருஷ ஞாயிறுகள் இப்படிப் போயின. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலை பிடிக்கவில்லை என்று இப்போது என்னிடம் வரும் தம்பிமார்கள் முதல் கேள்வியாக “எவ்வளவு முதல் போட்டீங்க அண்ணே?” என்கிறார்கள். யாரும் எத்தனை மாதம் காம்பு கிள்ளினீர்கள் என்று கேட்பதில்லை. பிடித்ததைச் செய், பணம் பின்னால் வரும் என்று மேடையில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பணம் பின்னால் வரும் வரைக்கும் முன்னால் நின்றது என் மனைவியின் தாதி வேலைச் சம்பளம். அவள் இரவுப் பணி எடுத்த மாதங்களில்தான் நான் ‘துணிச்சல்காரன்’ என்று பெயர் வாங்கினேன்.

2014இல் விடுவது என்று முடிவானதும் ஒரு சனிக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டோம். சம்பளம் நிற்கும், அது தெரிந்ததுதான். மத்திய சேமநிதியில் முதலாளி போடும் பங்கும் நிற்கும் என்பது எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. எங்கள் வீவக வீட்டுத் தவணை என் சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. கணக்கில் இருப்பது தீர்ந்ததும் தவணையைக் கையிலிருந்து கட்ட வேண்டும். இருப்பு எத்தனை மாதம் வரும்? பதினான்கு. சொந்தத் தொழில் செய்பவருக்கு நிகர வருமானம் வருஷத்துக்கு ஆறாயிரம் வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவுக்குத் தானே கட்ட வேண்டும், அதையும் எழுதினோம். மகளுக்கு அந்த வருஷம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. “துணைப்பாட வகுப்பை நிறுத்தக்கூடாது” என்றாள் மனைவி. மற்றதில் எதை வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று ஒப்புக்கொண்டோம். பதினான்கு மாதம் என்பதே கெடுவானது. அதற்குள் கடை தன் செலவைத் தானே தாங்காவிட்டால் நான் மறுபடி 0909க்குப் போக வேண்டும்.

பாட்டியின் கடை எனக்கு வராது என்பது முதலிலேயே தெரியும். தெருவில் விற்றவர்களை எழுபதுகளில் சந்தைகளுக்குள் குடியேற்றியபோது சலுகை வாடகையில் கிடைத்த கடை அது. வாழ்க்கைத் துணைக்கோ பிள்ளைகளுக்கோதான் கைமாற்ற முடியும். அவருடைய பிள்ளைகள் மூவரும் நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருந்தார்கள். விடிகாலை மூன்று மணிக்கு எழும் உத்தேசம் அவர்களில் யாருக்கும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? பாட்டி அதற்காகத்தானே அவர்களைப் படிக்க வைத்தார்!

மற்றவர்கள் தேசியச் சுற்றுப்புற வாரியம் மாதாமாதம் விடும் ஏலத்தில் கேட்க வேண்டும். 2012இல் வாரியம் குறைந்தபட்ச வாடகை என்பதை எடுத்துவிட்டதால், யாரும் சீண்டாத கடை சில வெள்ளிக்கும் போகும். கூட்டமுள்ள இடத்தில் ஆயிரக்கணக்கில் ஏறும். சமைத்த உணவுக் கடைக்குத்தான் போட்டி, ஈரச்சந்தைக் கடைக்கு அவ்வளவு இல்லை. தஞ்சோங் பகார் பிளாசா சந்தையில் ஒரு கடை வந்தது. மேல்மாடியில் சாப்பாட்டுக் கடைகள், கீழே சந்தை, என் பழைய அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரம். மாதம் முந்நூற்று அறுபது வெள்ளிக்குக் கேட்டேன். கிடைத்தது. என்னைத் தவிர வேறு யாராவது கேட்டார்களா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல் வாரம் நான் விற்றதைவிடக் கொட்டியது அதிகம். இரண்டாம் மாதம், தரையைக் கழுவும்போது குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்ட மறந்துபோனேன். மறுநாள் திங்கட்கிழமை, சந்தைக்கு விடுமுறை. செவ்வாய் காலை திறந்தால் பதினெட்டுக் கிலோ விழுது நுரைத்துப் பொங்கி நிற்கிறது. அலுவலகத்தில் தப்புச் செய்தால் திருத்தக் கட்டணம் என்று ஐம்பது வெள்ளி வேறு யாரோ கட்டுவார்கள். இங்கே தப்பின் நாற்றம் நாலு கடைக்கு அடித்தது. பக்கத்து மீன்கடை ஆ பெக் ஒன்றும் பேசாமல் தன் குழாயை இழுத்துவந்து என் தரையைக் கழுவிவிட்டார்.

அந்த நாட்களில் எனக்குத் தெம்பு கொடுத்தவர் நாராயண பிள்ளை. சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலை 1827இல் எழுப்பியவர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். பினாங்கில் இருந்த அவர் 1819இல் ராஃபிள்ஸோடு இங்கே வந்தார். அரசாங்கக் கருவூலத்தில் உத்தியோகம். ஊரெல்லாம் வீடு கட்டப்போகிறது, கட்டச் செங்கல் இல்லை என்பதைக் கண்டு, உத்தியோகத்தை விட்டுச் சூளை போட்டார். எங்கே? தஞ்சோங் பகாரில். சிங்கப்பூரின் முதல் கட்டட ஒப்பந்தக்காரர் அவர்தான். பிறகு துணிக்கடையும் வைத்தார். 1822இல் கடை தீயில் போயிற்று, கடன்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ராஃபிள்ஸிடம் போய் உதவி கேட்டு, கமர்ஷியல் ஸ்குவேரில் நிலம் பெற்று, மறுபடி எழுந்தார். இந்தப் பேட்டையில் மாதச் சம்பளத்தை விட்டு இறங்கிய அந்தத் தமிழன் மூன்றே வருஷத்தில் எல்லாவற்றையும் இழந்தான் என்று நினைத்துக்கொண்டால், பதினெட்டுக் கிலோ விழுது பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு ராஃபிள்ஸ் இல்லை, மனைவிதான் இருந்தாள்.

நான் தொழில் கற்றுக்கொண்டேன் என்று நம்பியதை உடைத்தவர் எவர்ட்டன் பார்க்கில் இருந்து வரும் ஒரு நோன்யா கிழவி. மீன் கறிக்கு வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் தூக்குப் பாத்திரத்தில் கறியையே கொண்டுவந்து முன்னால் வைத்தார். “ஆனே, தின்னு பார்” என்று மலாயில் சொன்னார். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. “சீரகம்” என்றார், ஒரே சொல்லாக. அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. மீனுக்கு முன்னால் சீரகம் வந்து நின்றது. காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. “மறுபடி போடு” என்றார். பதினாறு வருஷம் நான் அடித்த பத்திரங்களில் ஒன்றையாவது யாராவது திருப்பிக் கொண்டுவந்து இதில் சுவை இல்லை என்று சொன்னதுண்டா? அன்று இரவு மனைவியிடம் கிழவியின் கதையை முக்கால் மணி நேரம் சொன்னேன். அவள் சிரித்தபடி தூங்கிப்போனாள்.

பதினொன்றாம் மாதம் கடை தன் செலவைத் தாங்கியது. எனக்குச் சம்பளம் என்று எடுக்க முடிந்தது இரண்டாம் வருஷக் கடைசியில். கடைசியாக அலுவலகத்தில் வாங்கியதை இன்றுவரை எட்டவில்லை. மருத்துவ விடுப்பு கிடையாது. உரிமம் என் பெயரில், நானேதான் கடையில் நிற்க வேண்டும் என்பது விதி. சுதந்திரம் என்று இதைச் சொல்கிறவர்கள் காலை ஆறு மணிக்கு வந்து என் இடத்தில் நிற்கட்டும். முன்பு ஒரு முதலாளி இருந்தார், இப்போது ஒரு நாளைக்கு எண்பது பேர். அதில் ஐந்து பேர் என்ன மீன் என்று கேட்டால் “ஏதோ மீன்” என்பார்கள்.

மேல்மாடிக் கடைகளைப்போன்ற ஒரு சின்ன உணவகத்துக்குத் தினம் பத்துக் கிலோ கொடுத்துப் பார்த்தேன். கடனுக்கு வாங்கினார்கள், மூன்று மாதம் கழித்துக் கடையைச் சாத்திவிட்டார்கள். பெயர் வேண்டாம். இன்னொருவர் பாக்கெட் போட்டு விற்கலாம், பங்குக்கு வருகிறேன் என்றார். அதற்குத் தொழிற்பேட்டையில் இடம் வேண்டும், தனி உரிமம் வேண்டும், ஆறு மாதம் கெடாமல் இருக்க அதில் எதையாவது சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட, எல்லா வீட்டுக்கும் ஒரே குழம்பாக இருக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் அதில்தான் காசு. ஒரு வாரம் யோசித்துவிட்டு மாட்டேன் என்றேன். அது சரியான முடிவு என்று இன்றும் முழுதாக நம்பவில்லை. பேரங்காடியில் பாக்கெட் மசாலா அடுக்கைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கி, அலுவலகங்கள் மூடின. 290 மீட்டர் உயரம் எழும்பிய குவோக்கோ டவர் வெறிச்சென்று நின்றது. ஈரச்சந்தைகளோ திறந்திருந்தன. ஊரே வீட்டில் சமைத்தது. அந்த எட்டு வாரம் விற்றதைப்போல நான் முன்னும் பின்னும் விற்றதில்லை. ரசீது கேட்டுப் பழகிய அலுவலக இளைஞர்கள் முகக்கவசத்தோடு வந்து, கைத்தொலைபேசியில் பாட்டியையோ அம்மாவையோ காட்டி, “இவங்ககிட்ட பேசுங்க” என்பார்கள். ஒரு பையனின் பாட்டி தென்காசியிலிருந்து திரையில் என் வட்டில்களைப் பார்த்து, “அந்த மல்லி ரொம்பக் கறுத்திருக்கே, எப்ப அரைச்சது?” என்று விசாரித்தார். காலையில் அரைத்தது என்று சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மேல்மாடிக் கடைகளில் படம் பிடித்தார்கள். கீழே நாங்கள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தோம். சமைத்த கறிக்குப் பாராட்டு, அரைத்த கைக்கு ஈரத் தரை. கடையநல்லூர்ப் பெண்களுக்கு அன்றும் அதுதான் நடந்தது. பெயர் என்னமோ தெருவுக்குக் கிடைத்தது.

பாட்டி ஒரே ஒருமுறை என் கடைக்கு வந்தார், சக்கர நாற்காலியில், பேத்தி தள்ளிக்கொண்டு. ஒவ்வொரு வட்டிலிலும் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். “மொளகாயில உப்பு கூட” என்றார். போகும்போது இரண்டு வெள்ளி கொடுத்து வாவல் மீனுக்கு மசாலா கேட்டார். என்ன மீன் என்று சொல்லிவிட்டீர்கள், எத்தனை பேர் என்று கேட்டேன். “ஒத்த ஆளு” என்றார். அளவாகப் போட்டுக் கொடுத்தேன். சில்லறை வாங்காமல் போய்விட்டார்.

சந்தை செவ்வாய் முதல் ஞாயிறு வரை. ஆறு மணிக்குத் திறப்பேன், பதினொன்றுக்கு மிளகாய் வட்டில் காலியாகிவிடும். வருகிறவர்கள் என்ன மீன், எத்தனை பேர், தேங்காய்ப்பாலா புளியா, காரம் தாங்காத பிள்ளை உண்டா என்பதை வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள். “ஏதோ மீன்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.